அமைதி மூலைப் பெட்டி: கூடாரத்தை நீக்கிவிடுங்கள்

போரையும் இடப்பெயர்வையும் கண்டு வந்த அகதிக் குழந்தைகள் படிக்கும் பாலர் வகுப்புகளில், பதறும் பிள்ளை ஒதுங்கி அமைதியாக ஒரு மூலை அமைக்கவென்று விற்கப்படும் பெட்டி இது. உள்ளே பட அட்டவணை (அன்றைய வேலைகளை வரிசையாகப் படத்தில் காட்டுவது), மணல் கடிகாரம், காதுமூடி, மடியில் வைக்கும் எடைப்பை, சோப்புக் குமிழிக் குப்பி, பிசைந்து விளையாடும் வாசனை மாவு, சின்னக் கூடாரம், கூடவே ஒரு கையேடு.

பட அட்டவணை ஒன்றே கொடுத்த காசுக்குத் தகும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததுதான் இந்தப் பிள்ளைகளை அதிகம் பதற வைக்கிறது. வகுப்பில் பேசும் மொழியும் புரியாவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒரு வேளைக்கு நான்கைந்து படங்களுக்கு மேல் ஒட்டாதீர்கள். வேலை முடிந்ததும் அட்டையைப் பிள்ளையே 'பர்ர்' என்று வெல்க்ரோவிலிருந்து பிய்த்துப் பையில் போடட்டும். முடிந்தது என்பது கைக்குத் தெரியும். 'வீட்டுக்குப் போகும் நேரம்' படம் இருக்கிறது, ஆனால் யார் வந்து கூட்டிப்போவார் என்று காட்ட வழியில்லை. தாய் தகப்பனைப் பிரிந்து தவித்த பிள்ளைக்கு நாள் முழுக்க மனதில் ஓடும் கேள்வியே அதுதான். வெற்று அட்டை ஒன்றில் வரப்போகிறவரின் படத்தை ஒட்டுங்கள். இன்னொன்றை 'இன்று மாற்றம்' அட்டையாக வைத்துக்கொண்டு, தீ ஒத்திகை நாளில் காலையிலேயே மாட்டிவிடுங்கள்.

குமிழிக் குப்பி மலிவான சாமான், வேலை கச்சிதம். குமிழி பெரிதாக வர மெதுவாக, நீளமாக ஊத வேண்டும். மூச்சை நீட்டி வெளியே விடும்போது இதயத்துடிப்பு தணியும். கையேடோ கண்ணை மூடி மூச்சு விடச் சொல்கிறது. கண்ணை மூடினால் பழைய காட்சிகள் முன்னால் வந்து நிற்கும் பிள்ளைகள் உண்டு. கண் திறந்தே இருக்கட்டும்.

காதுமூடி எல்லோருக்கும் ஆகாது. ஆபத்து எந்தப் பக்கம் வரும் என்று காதைத் தீட்டி வைத்திருக்கும் பிள்ளைக்குச் சத்தம் கேட்காமல் போவதே பயம். எட்டும் இடத்தில் தொங்கவிடுங்கள். நீங்களாக மாட்டிவிட வேண்டாம். எடைப்பை ஒரு கிலோ. 20 கிலோ பிள்ளைக்கு அது உடல் எடையில் 5 சதவீதம், போதும். மடியில் மட்டும், அதுவும் பிள்ளை தானே தள்ளிவிடக்கூடிய மாதிரி. வாசனை மாவுக்குப் பதில் வாசனையில்லாதது வாங்குங்கள். எந்த மணம் எதை நினைவுபடுத்தும் என்று யாருக்கும் தெரியாது.

கூடாரம் சுத்தத் தவறு. முகாமில் கூடாரத்துக்குள் வாழ்ந்து வந்த பிள்ளைக்கு இன்னொரு கூடாரமா? உள்ளிருந்து வாசலும் தெரியாது, வெளியிலிருந்து பிள்ளையும் தெரியாது. சுவரோரம் ஒரு பாய், முதுகுக்குத் தலையணை, கதவைப் பார்த்த மாதிரி இடம்: இவ்வளவு போதும். மணல் கடிகாரத்தை அங்கே வைத்து 'மணல் தீரும்வரை உட்கார்' என்று அனுப்பினால் அது தண்டனை மூலை ஆகிவிடும். போவதும் வருவதும் பிள்ளை விருப்பம்.

கையேடு அழுகிற, அடிக்கிற பிள்ளையைப் பற்றியே பேசுகிறது. விறைத்துப்போய் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை 'சமர்த்து' என்று பெயர் வாங்கி விடுபட்டுப் போகும். திடுக்கிடல், கெட்ட கனவு, ஒரே பயங்கரத்தைத் திரும்பத் திரும்ப விளையாடுவது போன்றவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல நிபுணரிடம் அனுப்ப வேண்டும். இதற்குக் கையேட்டில் ஒரு பக்கம்கூட இல்லை. உதிரியாகக் கிடைத்தால் அட்டவணையையும் குமிழிக் குப்பியையும் மட்டும் வாங்கலாம்.