நேர்காணலுக்குச் சேலையா, சுடிதாரா, பேன்ட் சட்டையா?

நேர்காணல் கடிதம் வந்த அன்றே வீட்டில் பஞ்சாயத்து தொடங்கிவிடும். "சேலை கட்டிக்கிட்டுப் போனாத்தான் மரியாதை" என்பார் அம்மா. "ஐடி கம்பெனிக்கு யாராவது சேலை கட்டுவாங்களா?" என்பாள் மகள். அம்மா மனதில் பள்ளிக்கூட வேலை இருக்கிறது, மகள் மனதில் சென்னையில் ஐடி கம்பெனிகள் வரிசையாக நிற்கும் ஓஎம்ஆர் சாலை இருக்கிறது. வேலை எது என்று பார்த்துவிட்டால் சண்டை பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்கு மேல் நான் பார்ப்பது ஒன்றுதான்: நாற்காலியில் உட்கார்ந்த பிறகு எந்த உடை தன்னைக் கவனிக்கச் சொல்லித் தொல்லை கொடுக்காமல் இருக்கும்?

சேலைக்குச் சாதகமான இடங்கள் உண்டு. கல்லூரி விரிவுரையாளர், பள்ளி ஆசிரியர் வேலைகளுக்குப் போனால் எதிரே உட்கார்ந்திருக்கும் துறைத்தலைவர் அம்மாவே பெரும்பாலும் சேலையில்தான் இருப்பார். ஐஏஎஸ், ஐபிஎஸ் பதவிகளுக்காக டெல்லி தோல்பூர் ஹவுஸில் நடக்கும் யுபிஎஸ்சி நேர்முகத் தேர்வுக்கும் நம் ஊர்ப் பெண்கள் பலர் கைத்தறிச் சேலையில் போகிறார்கள். அந்தத் தேர்வுக்கான 275 மதிப்பெண்ணில் சேலைக்கென்று தனியாக ஒன்றும் கிடையாது, சல்வாரில் போகிறவர்களும் ஏராளம்.

ஆனால் எந்தச் சேலை? கஞ்சி போட்ட காட்டன் சேலை நிற்கும்போது கம்பீரமாக இருக்கும். உட்கார்ந்தால் கொசுவம் வயிற்றுக்கு மேல் உப்பிக்கொண்டு நிற்கும். ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்தால் பின்பக்கம் முழுக்கக் கசங்கியிருக்கும். ஜார்ஜெட் கசங்காது, ஆனால் தோளில் நிற்காமல் வழுக்கும். பட்டும் ஜரிகையும் கல்யாண வீட்டை நினைவுபடுத்தும். பட்டும் பருத்தியும் கலந்த கோவை கோரா காட்டன் மாதிரி, சின்ன பார்டர் வைத்த சேலைதான் இங்கே சரி. புதுசாக இருந்தால் ஒரு தடவை கட்டிப் பழகிவிடுங்கள்.

சேலையை விட ரவிக்கைதான் அதிகம் காலை வாரிவிடுகிறது. அலமாரியில் இருப்பதெல்லாம் யாராவது ஒருவர் கல்யாணத்துக்குத் தைத்ததாக இருக்கும். முதுகில் கயிறு, கயிற்றின் நுனியில் குஞ்சம், கையில் ஆரி வேலைப்பாடு. நல்ல சேலையை இந்த ரவிக்கையோடு கட்டினால் மொத்தமும் மாறிவிடும். புதிதாகத் தைக்கலாம் என்றால் தையல்காரர் ஒரு வாரம் கேட்பார், நேர்காணல் நாளை மறுநாள் இருக்கும். கட்டத் தெரியாதவர்களுக்குக் கொசுவத்தை முன்கூட்டியே மடித்து, இஸ்திரி போட்டுக் கொடுக்கும் ஆட்கள் இப்போது பல ஊர்களில் இருக்கிறார்கள். சேலை பிரச்சினை அதில் தீரும், ரவிக்கைப் பிரச்சினை தீராது.

சுடிதார் இந்தத் தொல்லைகளில் பாதியை எடுத்துவிடுகிறது. அரசு வேலை என்றால் சேலைதான் கட்ட வேண்டும் என்று இன்னும் சிலர் பயமுறுத்துகிறார்கள். 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்குத் தமிழக அரசு போட்ட உடை ஆணையே பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார் என்றுதான் சொல்கிறது. வேலை பார்க்க ஆகும் உடை நேர்காணலுக்கு ஆகாதா என்ன?

இதில் வில்லங்கம் துப்பட்டா. ஒரு தோளில் மட்டும் பின் குத்தித் தொங்கவிட்டால், சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியை இழுக்கும்போது நுனி சக்கரத்தில் மாட்டும். எழுந்திருக்கும்போதுதான் தெரியும். மடித்து இரண்டு தோளிலும் பின் குத்திவிட்டால் அதை மறந்துவிடலாம். லெக்கிங்ஸ் வேண்டாம், நேரான காட்டன் பேன்ட் போடுங்கள். குடை மாதிரி விரியும் அனார்கலியும் வேண்டாம். தனியார் அலுவலகம் என்றால் நீளமான குர்தாவும் பேன்ட்டும் போதும், துப்பட்டா இல்லாமலே போகலாம்.

பேன்ட் சட்டை, பயணத்தில் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஸ்கூட்டியில் ஓஎம்ஆரில் சிறுசேரி ஐடி பூங்கா வரை போக வேண்டும் என்றால் இதைவிடச் சௌகரியம் வேறில்லை. அப்புறம் எல்லாம் அளவில்தான் இருக்கிறது. ரெடிமேட் சட்டை தோளுக்குச் சரியாக இருந்தால் மார்புக்கு இறுக்கமாக இருக்கும். நிற்கும்போது தெரியாது, உட்கார்ந்து கையை முன்னால் நீட்டினால் இரண்டு பொத்தானுக்கு நடுவே வாய் திறக்கும். அதனால் கடையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தே பாருங்கள். பிடித்த சட்டையாக இருந்தால் அந்த இடைவெளியில் உள்பக்கமாக ஒரு பிரஸ் பட்டன் வைத்துத் தைத்துக்கொள்ளலாம். சாம்பல் நிறமும் வெளிர் நீலமும் வியர்வையைப் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். சென்னை வெயிலில் வெள்ளை, கருநீலம் பாதுகாப்பு. வெள்ளை என்றால் உள்ளே தோல் நிறத்தில் போடுங்கள், வெள்ளையில் போட்டால்தான் வெளியே தெரியும். பிளேஸர் எம்பிஏ வளாகத் தேர்வுக்குச் சரி, மற்ற இடங்களில் வியர்வைக்கு வழி.

ஐடி கம்பெனியில் பேன்ட் சட்டை கட்டாயம் என்பதும் கட்டுக்கதைதான். கேள்வி கேட்கும் ஹெச்ஆர் பெண்ணே பல நேரம் குர்த்தியில் இருப்பார்.

என் ஓட்டு சுடிதாருக்கு. எங்கே போவது என்று தெரியாமல் ஒரே ஒரு நல்ல உடைதான் வாங்க முடியும் என்றால், கருநீலத்திலோ அடர் பச்சையிலோ ஒரு காட்டன் சுடிதார் வாங்குங்கள். துப்பட்டாவோடு கல்லூரிக்கு, துப்பட்டா இல்லாமல் கம்பெனிக்கு. கல்லூரி வேலை, சேலையும் பழக்கம் என்றால் மட்டும் சேலைக்கு மாறுவேன். வாரத்தில் இரண்டு நாளாவது கட்டுகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

எதைப் போட்டாலும் கொலுசையும் கண்ணாடி வளையலையும் வீட்டில் வைத்துவிடுங்கள். மேசையில் கை வைத்துப் பேசும்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் வளையல் தாளம் போடும். மல்லிகைப் பூ வைப்பது தப்பில்லை, ஆனால் மூடிய ஏசி அறையில் ஒரு முழம் கூட அதிகம்.

வீடியோ நேர்காணலுக்குக் கணக்கு வேறு. பொடிக் கட்டமும் நெருக்கமான கோடும் கேமராவில் நெளியும், ஒற்றை நிறம்தான் நல்லது. பின்னணியை மறைக்கும் வசதியைப் போட்டால் துப்பட்டா நுனியும் முந்தானையும் திரையில் அரைகுறையாக மறைந்து மறைந்து வரும். அங்கே மட்டும் காலர் வைத்த சட்டைக்கே என் ஓட்டு.