பிளேடு ரன்னர் ஐந்து டிஸ்க் பெட்டி: படத்தைவிட எக்ஸ்ட்ராவுக்கு மவுசு

படம் மட்டும் போதும் என்றால் இந்தப் பெட்டிக்குக் காசு போட வேண்டாம். ரிட்லி ஸ்காட்டின் 'பிளேடு ரன்னர்' ஆன்லைனில் வாடகைக்கே கிடைத்துவிடும். தப்பி வந்த செயற்கை மனிதர்களை, அதாவது ரெப்ளிகன்ட்களை, டெக்கார்டு (ஹாரிசன் ஃபோர்டு) என்ற போலீஸ்காரர் தேடிக் கொல்வதுதான் கதை. 2007 டிசம்பரில் வார்னர் வெளியிட்ட ஐந்து டிஸ்க் பதிப்பை இத்தனை வருஷம் கழித்தும் செகண்ட் ஹேண்டில் தேடிப் பிடித்து வாங்கலாம் என்று சொல்வதற்குக் காரணம், படத்தோடு வருகிற மற்ற சரக்குதான். அதில் பாதி தங்கம், கால்வாசி பித்தளை, மீதி பொம்மை.

எந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒன்றில் 2007-ன் ஃபைனல் கட், அதாவது ஸ்காட் கடைசியாகத் திருத்திய பதிப்பு, அதோடு படம் ஓட ஓட எடுத்தவர்களே பேசும் கமெண்டரி மூன்று. இரண்டில் 'டேஞ்சரஸ் டேஸ்' என்ற ஆவணப்படம். மூன்றில் பழைய பதிப்புகள்: 1982-ல் அமெரிக்காவில் ஓடியது, அதே வருஷம் வெளிநாடுகளுக்குப் போனது, 1992-ன் டைரக்டர்ஸ் கட். நான்கில் உதிரி: வெட்டிய காட்சிகள், பேட்டிகள், டிரெய்லர்கள். ஐந்தில் ஒர்க்பிரிண்ட், அதாவது வேலை முடியாத நிலையில் ரசிகர்களுக்குப் போட்டுக் காட்டிய பிரதி.

காசு முழுக்க வசூலாகும் இடம் இரண்டாவது டிஸ்க். சார்லஸ் டி லௌசிரிகா இயக்கிய 'டேஞ்சரஸ் டேஸ்' சுமார் மூன்றரை மணி நேரம் ஓடும். மூலப் படமே இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் பேசியிருக்கிறார்கள். இந்தப் படத்தைப் பற்றிப் பேசுவதைப் பெரும்பாலும் தவிர்த்து வந்த ஹாரிசன் ஃபோர்டும் உண்டு. வழக்கமான மேக்கிங் வீடியோவில் எல்லோரும் எல்லோரையும் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். இதில் பழைய சண்டையை மறைக்கவில்லை. பட்ஜெட் தாண்டியதும் பணத்துக்கு உத்தரவாதம் கொடுத்தவர்கள் படத்தைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டது, ஸ்காட் அமெரிக்க யூனிட்டைப் பற்றிப் பத்திரிகையில் சொன்னது, அதற்குப் பதிலடியாக யூனிட் ஆட்கள் கிண்டல் வாசகம் அச்சடித்த டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்தது, ஸ்காட் பக்கமும் பதிலுக்கு ஒரு டி-ஷர்ட் அடித்துப் போட்டது என்று எல்லாம் வருகிறது.

எட்டு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நேரம் குறைவென்றால் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் பற்றிய ஆறாவது பகுதியை முதலில் போடுங்கள். படத்தின் முதல் ஷாட்டில் அடிவானம் வரை நெருப்பு கக்கும் ஒரு தொழிற்சாலை நகரம் வருகிறதே, அது 18 அடி அகலமும் 13 அடி ஆழமும் உள்ள ஒரு மேடை. காட்பாடியில் ஒரு சுமாரான வீட்டு ஹால் அவ்வளவு இருக்கும். அமிலத்தால் அரித்து வெட்டிய பித்தளைத் தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, பின்னால் போகப் போக அளவைக் குறைத்து, கண்ணை ஏமாற்றியிருக்கிறார்கள். அறை முழுக்கப் புகை அடைத்ததற்கும் காரணம் உண்டு. கத்திரி வெயிலில் நம் வேலூர்க் கோட்டை மதில் மேல் நின்று தூரத்து மலையைப் பார்த்தால் வெளுத்துத் தெரியும். பத்தடி தூரத்தில் அந்த வெளுப்பு வராது. புகை அதைக் கொண்டுவருகிறது.

இந்த ஷாட்களை 65 எம்எம் ஃபிலிமில் எடுத்தார்கள். அதே நெகட்டிவைப் பின்னால் சுற்றி, கட்டிடத்துக்கு ஒரு முறை, விளக்குக்கு ஒரு முறை, நெருப்புக்கு ஒரு முறை என்று மேலே மேலே பதிவு செய்வார்கள். கேமரா ஒவ்வொரு முறையும் மயிரிழை பிசகாமல் அதே பாதையில் நகர வேண்டும். அதற்குத்தான் மோட்டார் கட்டுப்பாடு. ஒரு பிரதியிலிருந்து இன்னொரு பிரதி எடுக்கும்போது மணல்மணலாகத் தெரியும் கிரெயின் கூடும். பெரிய ஃபிலிமில் எடுத்து 35-க்கு இறக்கினால் அந்தக் கிரெயின் அடங்கிவிடும். 2007-ல் ஃபைனல் கட்டுக்காக இந்த 65 எம்எம் துண்டுகளை 8கே-யிலும் மற்றவற்றை 4கே-யிலும் ஸ்கேன் செய்தார்கள். ஆவணப்படத்தின் இந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு ஃபைனல் கட்டின் முதல் ஐந்து நிமிஷத்தை மறுபடி போட்டால், எதில் உழைத்தார்கள் என்பது தெரியும்.

ஃபைனல் கட்டில் என்ன திருத்தினார்கள் என்பதை முதல் டிஸ்க்கையும் மூன்றாவது டிஸ்க்கையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது தனி ருசி. ரெப்ளிகன்ட் ஜோரா கண்ணாடிக் கடைகளை உடைத்துக்கொண்டு ஓடிச் சாகும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1982 பதிப்பில் ஓடுவது ஜோவன்னா காசிடி இல்லை, ஸ்டண்ட் பெண் என்பது விக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ரிமோட்டில் பாஸ் அழுத்த வேண்டிய அவசியம்கூட இல்லை. 25 வருஷம் கழித்து காசிடியையே திரும்ப வரவழைத்து, முகத்தை மட்டும் படம்பிடித்து ஒட்டினார்கள். பாம்பு வியாபாரியிடம் டெக்கார்டு பேசும் இடத்தில் வாய் ஒன்று சொல்லும், குரல் ஒன்று சொல்லும். அதற்கு ஹாரிசன் ஃபோர்டின் மகன் பென்னை உட்கார வைத்து, அவர் வாய் அசைவை எடுத்து அப்பாவின் முகத்தில் பொருத்தினார்கள். கடைசியில் ரெப்ளிகன்ட்களின் தலைவன் ராய் பேட்டியின் கையிலிருந்து பறக்கும் புறா, கொட்டும் மழை இரவில் திடீரென்று நீல வானத்தில் போய்ச் சேரும் பழைய அபத்தமும் போய்விட்டது.

கணக்குப் பிழை ஒன்று இருந்தது. ஆறு ரெப்ளிகன்ட் தப்பி வந்தன, ஒன்று கருகிச் செத்தது என்பார் டெக்கார்டின் மேலதிகாரி பிரையண்ட். டெக்கார்டு தேடுவதோ நான்கைத்தான். மிச்சம் ஒன்று எங்கே? அது டெக்கார்டேதான் என்று ரசிகர்கள் வருஷக்கணக்கில் வாதாடினார்கள். உண்மையில் மேரி என்ற பாத்திரத்தைப் படப்பிடிப்பில் கைவிட்டுவிட்டு, வசனத்தைத் திருத்த மறந்ததுதான் காரணம். ஃபைனல் கட்டில் இரண்டு கருகியதாக மாற்றிவிட்டார்கள். நல்ல திருத்தம்தான், ஆனாலும் பிழையோடு இருந்தபோது வாதாட ஒரு விஷயம் இருந்தது.

கமெண்டரி மூன்றில் ஸ்காட் தனியாகப் பேசுவது ஒன்று. கதாசிரியர்களும் தயாரிப்பாளர்களும் பேசுவது இரண்டு. சிட் மீட், லாரன்ஸ் பால், டக்ளஸ் ட்ரம்புல் உள்ளிட்ட வடிவமைப்பு, எஃபெக்ட்ஸ் ஆட்கள் பேசுவது மூன்று. மூன்றாவதுதான் கையால் வேலை செய்தவர்களின் பேச்சு. தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டியதால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கும் சுவாரசியம் குறைவு, தகவல் நிறைய. தமிழ் சப்டைட்டில் எதிலும் கிடையாது. உச்சரிப்பு பிடிபடாதவர்கள் முதலில் ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டு கமெண்டரிக்கு வந்தால், யாருடைய குரல் என்பது பழகியிருக்கும்.

நான்காவது டிஸ்க் கலவை. வெட்டிய காட்சிகளை முக்கால் மணி நேரத்துக்கு ஒரு குட்டிப் படம் மாதிரி வரிசையாகத் தொடுத்து, பயன்படுத்தாத பின்னணிக் குரலையும் சேர்த்திருக்கிறார்கள். அடிபட்டுக் கிடக்கும் சக போலீஸ்காரர் ஹோல்டனை டெக்கார்டு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்கும் காட்சி இங்கேதான் கிடைக்கும். கதையை எழுதிய ஃபிலிப் கே. டிக்கின் குரல் பேட்டியைத் தவறவிடாதீர்கள். 1982 மார்ச் 2-ல் அவர் போய்விட்டார், படம் ஜூன் 25-ல்தான் வந்தது. போஸ்டர், உடை பற்றிய துண்டுகள் பரவாயில்லை ரகம். டெக்கார்டு மனிதனா இல்லையா என்ற துண்டில் புதிதாக ஒன்றும் இல்லை. ஃபோர்டு மனிதன் என்றார், ஸ்காட் ரெப்ளிகன்ட் என்றார், அப்போது இருவரும் இறங்கி வரவில்லை.

ஒர்க்பிரிண்ட்டை எடுத்த எடுப்பில் பார்க்காதீர்கள். ரெப்ளிகன்ட் என்றால் என்ன என்று அகராதி விளக்கம் போட்டு ஆரம்பிக்கும். 1982 பதிப்பில் படம் முழுக்க ஓடும் டெக்கார்டின் பின்னணிக் குரல் இதில் இல்லை, ராய் பேட்டி இறக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம். கடைசிப் பகுதியில் வான்ஜெலிஸ் இசைக்குப் பதிலாக வேறு படங்களிலிருந்து எடுத்த தற்காலிக இசை. பிம்பமும் மங்கல்தான். மற்ற பதிப்புகளை அறிந்தவர்களுக்கு இது புதையல், முதல்முறை பார்ப்பவர்களுக்குத் தலைவலி. இந்தப் படத்தைப் பற்றிப் புத்தகம் எழுதிய பால் சாமனின் கமெண்டரியை ஆன் செய்தால் ஒவ்வொரு மாற்றத்தையும் சுட்டிக்காட்டிக்கொண்டே வருவார்.

ஒரு ஊர்ப் பொருத்தம்: படப்பிடிப்பு தொடங்கியது 1981 மார்ச்சில். நம் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் சாமி திரும்ப வந்ததும் அதே மார்ச். சாமியில்லாக் கோயில், நீரில்லா ஆறு என்று ஊரைக் கேலி செய்வார்களே, அதில் முதலாவது அன்றோடு தீர்ந்தது. பாலாற்றுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் இந்தப் படத்தைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான், விடாமல் பெய்கிறது.

இனி வாங்குவதும் ஓட்டுவதும். வார்னர் ப்ளூரேக்கள் பெரும்பாலும் மண்டலப் பூட்டு (வேறு நாட்டில் விற்ற டிஸ்க்கை நம் பிளேயர் ஏற்காதபடி செய்யும் ஏற்பாடு) இல்லாதவை. டிவிடிக்குப் பூட்டு உண்டு: அமெரிக்காவுக்கு 1, இந்தியாவுக்கு 5. ப்ளூரே பெட்டி என்று வாங்கினாலும் உள்ளே எக்ஸ்ட்ரா டிஸ்க்குகள் சாதாரண டிவிடியாக இருக்கலாம். ஆகவே ஐந்து டிஸ்க்கின் லோகோவையும் தெளிவாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுப் பணம் கட்டுங்கள். படம் ஓடி, ஆவணப்படம் மட்டும் 'மண்டலம் தவறு' என்று நின்றால் காரணம் இதுதான். வீட்டு பிளேயர் பலவற்றில் ரிமோட் கோடு போட்டுப் பூட்டைத் திறக்கலாம். கம்ப்யூட்டர் டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவதில் எது இருந்ததோ அதிலேயே நின்றுவிடும். கம்ப்யூட்டரின் டிவிடி டிரைவ் ப்ளூரேயைப் படிக்காது, ப்ளூரே டிரைவே வாங்கினாலும் விஎல்சி என்ற இலவச சாஃப்ட்வேர் மட்டும் போதாது, ப்ளூரேயின் பூட்டு தடுக்கும். தனி பிளேயர்தான் தொல்லை இல்லாதது. சொந்தக்காரர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பிளேயர் என்றால் பின்பக்கம் வோல்ட் பாருங்கள். 120 என்று மட்டும் போட்டிருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230-ல் செருகினால் புகைந்துவிடும்.

மூன்றாவது டிஸ்க்கில் பதிப்பு மாறும் இடங்களில் பழைய பிளேயர் ஒரு நொடி திக்கினால் டிஸ்க் மேல் பழி போடாதீர்கள். மூன்று பதிப்புக்கும் பொதுவான பகுதியை ஒரே முறை பதிந்து, வித்தியாசமான துண்டுகளுக்கு மட்டும் தாவிப் போகும் ஏற்பாடு அது. பிளேயரின் சாஃப்ட்வேரைப் புதுப்பித்துப் பாருங்கள்.

டிஸ்க் துடைக்கும்போது நடு ஓட்டையிலிருந்து விளிம்புக்கு நேராக இழுக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. வட்டக் கீறல் பதிவு ஓடும் திசையிலேயே போவதால் அதைப் பிளேயரால் சமாளிக்க முடியாது. டூத்பேஸ்ட் வைத்தியம் ப்ளூரேயைக் கொன்றுவிடும். டிவிடியில் பதிவு 0.6 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது, ப்ளூரேயில் 0.1 மில்லிமீட்டர்தான், மேல் பூச்சு தேய்ந்தால் கதை முடிந்தது. மே மாதம் பார்சல் வந்தால் வண்டி டேங்க் கவரில் வைத்துக்கொண்டு சத்துவாச்சாரி முழுக்கச் சுற்றாமல் நேரே வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வளைந்த டிஸ்க்கை நிமிர்த்த வழியில்லை. செங்குத்தாக நிறுத்தி வையுங்கள், மேல் மாடி ஓரச் சுவர் அலமாரி வேண்டாம்.

சூட்கேஸ் மாதிரி வந்த அல்டிமேட் பதிப்பில் படத்தில் பறக்கும் ஸ்பின்னர் கார் பொம்மை, ஒற்றைக்கொம்புக் குதிரை பொம்மை, சாய்த்துப் பார்த்தால் மாறித் தெரியும் ஒரு லெண்டிகுலர் படம் என்று சேர்ந்து வரும். டிஸ்க் அதேதான். பொம்மைக்காக விலை ஏற்றிச் சொல்பவரிடம் சாதாரண ஐந்து டிஸ்க் பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். 2017-ல் வந்த 4கே பதிப்பில் ஃபைனல் கட்டின் படமும் ஒலியும் இன்னும் மேல், 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டும் இல்லை. ஆனால் அதை வாங்குமுன் உள்ளே எந்தெந்த எக்ஸ்ட்ரா இருக்கிறது என்று பின்னட்டையைப் படியுங்கள்.

பார்க்கும் வரிசை: ஃபைனல் கட், ஆவணப்படத்தின் முதல் ஏழு பகுதி, அமெரிக்கப் பதிப்பு, பிறகு ஒர்க்பிரிண்ட். மூன்றரை மணி நேரத்துக்குள் கரண்ட் போனால் விட்ட இடத்தைப் பல பிளேயர் மறந்துவிடும், பகுதி எண்ணைக் குறித்து வையுங்கள். எட்டாவது பகுதியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1990-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபேர்ஃபாக்ஸ் தியேட்டரில் வழக்கமான பிரதி என்று நினைத்து இந்த ஒர்க்பிரிண்ட்டைப் போட்டுவிட்டார்கள். எட்டாவது பகுதியில் வரும் அந்தக் காலத்துச் சமாச்சாரமெல்லாம், ஒர்க்பிரிண்ட்டைப் பார்த்து முடித்தவர்களுக்குத்தான் முழுசாகப் புரியும்.