பேஸ்மென்டில் பாத்டப் போடுகிறவர்கள் கவனத்துக்கு

கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் மார்க்கம் நகரில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்டில் தங்கச்சி குடும்பம் இருக்கிறது. இரண்டும் சின்னப் பிள்ளைகள். கீழே டொய்லெட்டும் சிங்கும் மட்டும்தான் இருந்தன. பனிக்காலத்தில் ஈரத் தலையோடு பிள்ளைகளை மேலேயும் கீழேயும் தூக்கிக்கொண்டு திரிவதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அதனால் 2021 ஒக்டோபரில் அங்கேயே ஒரு பாத்டப் போடுவோம் என்று முடிவெடுத்தோம். வீடு கட்டியவர்கள் கொங்கிரீட்டுக்குள் டப்புக்கான வடிகால் குழாயை மூடிபோட்டு ஏற்கனவே விட்டிருந்தார்கள். பெரிய வேலையாக இருக்காது என்று நினைத்தேன்.

தமிழ்க் கடையில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்து ஒருவரைக் கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார், 7,500 டொலர் என்றார். நகரசபையில் பெர்மிட் எடுக்க வேண்டாமா என்று கேட்டேன். "அண்ணை, சும்மா ஏன் அலையிறியள்? குழாய் எல்லாம் அங்கேயே இருக்கு. எங்கட ஆக்களுக்குச் செய்யிறது, பிழையாச் செய்வனே?" என்றார். காசாகக் கொடுத்தால் 13 சதவீத வரியும் இல்லை என்றார். எங்கட ஆள் என்ற அந்த ஒரு சொல்லுக்கு நான் மயங்கிவிட்டேன். எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. முதல் நாளே 4,000 டொலர் கொடுத்தேன்.

டப்பை அவரே வாங்கி வந்தார், 60 அங்குல அக்ரிலிக் டப். டப்புகளில் இடப்பக்க வடிகால், வலப்பக்க வடிகால் என்று இரண்டு வகை உண்டு. அவர் வாங்கி வந்ததன் ஓட்டை, எங்கள் தரைக் குழாய் இருந்ததற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தது. நான் கேட்டதற்கு, "அது பிரச்சினை இல்லை, கீழால கொண்டுபோய்ச் சேர்க்கலாம்" என்றார். அன்றைக்கே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்த நாள் நான் வேலையால் வந்தபோது டப் உட்கார்ந்துவிட்டது, சுவரும் மூடியாகிவிட்டது. அப்புறம் டைல் விலை ஏறிவிட்டது, சுவருக்குள் மேலதிக வேலை என்று கணக்கு 11,200 டொலருக்குப் போனது. பேசிப் பேசி 10,400 கொடுத்து முடித்தேன்.

இரண்டு மாதத்தில் மணம் தொடங்கியது, அழுகிய முட்டை மாதிரி. டொய்லெட்டை ஃபிளஷ் பண்ணினால் டப்புக்குள் கொளக் கொளக் என்று சத்தம் வரும். குளித்த தண்ணீர் இறங்க அரை மணி நேரம் எடுக்கும். பிள்ளையை உள்ளே இருத்தினால் டப்பின் அடி அமுங்கிக் கிறீச்சிடும். அவருக்கு அழைத்தேன். சிலிகொன் பூசச் சொன்னார், பிறகு வினிகர் ஊற்றச் சொன்னார். அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை.

லைசென்ஸ் உள்ள பிளம்பர் ஒருவர் வந்து டப்பைக் கழற்றினார். அந்தக் காட்சியை நான் மறக்க மாட்டேன். வடிகால் ஓட்டையிலிருந்து மற்றப் பக்கத்துக்கு, சுருங்கி விரியும் ரப்பர் மாதிரியான குழாய் ஒன்று ஐந்தடி தூரம் தரையோடு படுத்துக் கிடந்தது. நடுவில் தொய்ந்து, அந்தக் குழிக்குள் தலைமுடியும் சவர்க்காரச் சளியும் கறுப்பாகத் தேங்கியிருந்தன. வடிகால் குழாய் ஓர் அடிக்குக் கால் அங்குலம் சரிய வேண்டும். ஐந்தடிக்கு ஒன்றேகால் அங்குலம். இதில் சரிவே இல்லை.

அதைவிட மோசமானது சுவருக்குள் இருந்தது. கூரை வரைக்கும் போகிற காற்றுக் குழாயை, டப்பின் பைப்புகளுக்கு இடைஞ்சல் என்று அறுத்து, மூடி போட்டு அடைத்திருந்தார். காற்று வர வழியில்லாவிட்டால், ஃபிளஷ் பண்ணும் தண்ணீர் போகிற வேகத்தில் வளைவுக் குழாய்க்குள் நிற்கிற தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அந்தத் தண்ணீர்தான் கழிவு வாயுவை மேலே வரவிடாமல் தடுப்பது. இத்தனை நாளும் பிள்ளைகள் சுவாசித்தது அதைத்தான். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

டப்பின் அடியில் சாந்து இல்லை, நான்கு மரத்துண்டுதான் முட்டுக் கொடுத்திருந்தது. டைலுக்குப் பின்னால் ஈரம் தாங்கும் சிமெந்துப் பலகையும் இல்லை. சாதாரண அறைச் சுவருக்கு அடிக்கிற டிரைவோல் (ஜிப்சம் பலகை), விரலால் குத்தினால் பிட்டு மாதிரி உதிர்ந்தது.

வழக்குப் போடலாம் என்று போனேன். சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தில் அப்போது 35,000 டொலர் வரை கேட்கலாம். ஆனால் அவருடைய முழுப் பெயரும் முகவரியும் என்னிடம் இல்லை. இருந்தது ஒரு போன் நம்பரும் அட்டையில் போட்டிருந்த செல்லப் பெயரும்தான். வழக்குத் தாளை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? அங்கேதான் மற்றதும் தெரிய வந்தது. எழுத்தில் மதிப்பீடு வாங்கியிருந்தால், நாம் சம்மதிக்காமல் அதற்கு மேல் 10 சதவீதத்துக்கு அதிகமாக அவர் கேட்க ஒன்ராறியோச் சட்டம் விடாது. கட்டுமானச் சட்டப்படி ஒவ்வொரு முறை காசு கொடுக்கும்போதும் 10 சதவீதத்தை வீட்டுக்காரர் பிடித்து வைக்க வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை.

திருத்தி முடிக்க இன்னும் 9,800 டொலர் போனது. இந்த முறை பெர்மிட் எடுத்தோம். நகரசபை இன்ஸ்பெக்டர் வரும் வரை சுவரும் தரையும் திறந்தபடியே இருந்தன. குழாய்க்குள் தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பார்த்து, அவர் சரி என்ற பிறகுதான் மூடினார்கள். உங்கள் வேலைக்காரர் இன்ஸ்பெக்டர் வேண்டாம் என்றால், நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து மூடினால், ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஒன்ராறியோவில் பிளம்பர் வேலைக்குச் சான்றிதழ் கட்டாயம், அதைக் கேட்டுப் பாருங்கள். டப் வந்து இறங்கியதும் ஓட்டை எந்தப் பக்கம் என்று நீங்களே பாருங்கள்.

திறந்து வைத்தபோது எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன, பிழையாகச் செய்ததும் சரியாகச் செய்ததும். வேலை தொடங்கப் போகிறவர்கள் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.