போறணை வாய்க்கு ஈரச்சாக்கா, பொலித்தீனா?

மட்டக்களப்பில் கச்சான் காற்று அடிக்கும் நாளில் காலையில் விரித்த சாரம் பத்து மணிக்கே காய்ந்துவிடும். அப்படியொரு நாளில்தான் ஒரு பேக்கரிப் போறணையின் வாய் வளைவைக் கல்சியம் அலுமினேட்டுச் சீமெந்தில் (சூடு தாங்கும் சீமெந்து) வார்த்தோம். "நாளைக்குத் தண்ணி அடிப்பம்" என்று மேசன் போய்விட்டார். மறுநாள் விரலால் தேய்த்தால், மேல்தோல் மா மாதிரி உதிர்ந்தது.

சாதாரண சீமெந்தென்றால் அந்தப் பழக்கம் ஓரளவு செல்லும். அது வாரக்கணக்கில் இறுகுவது. 28ஆம் நாள் வலிமையை வைத்துத்தான் அதை மதிப்பிடுகிறோம். ஒருநாள் தவறினாலும் பிறகு நனைத்துக் கொஞ்சம் மீட்கலாம். அலுமினேட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. வலிமையில் பெரும்பங்கை முதல் 24 மணிநேரத்திலேயே எடுத்துவிடும்; சூட்டையும் அதற்குள்ளேயே கக்கிவிடும். உள்ளே சூடு, வெளியே கச்சான். மேற்பரப்பு நீர் சீமெந்தோடு சேருமுன்பே பறந்துவிடுகிறது.

நீர்க்கணக்கைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். இந்தச் சீமெந்தின் முக்கிய சேர்மமான மோனோகல்சியம் அலுமினேட்டு 100 கிராம் முழுவதும் நீரேறுவதற்கு, சூடான நிலையில் ஏறத்தாழ 46 கிராம் நீர் வேண்டும். குளிரில் உருவாகும் பத்து நீர்மூலக்கூறுச் சேர்மத்துக்கோ 114 கிராம். நம் ஊர் வெப்பத்தில் முதல் கணக்குத்தான் பொருந்தும். ஆனால் கலவையில் நாம் விடும் நீர் அதைவிடவும் குறைவு. பறப்பதற்கென்று உபரி இல்லை.

"அப்ப தண்ணியைக் கூட்டி விட்டால் என்ன?" என்று கேட்பார்கள். இருப்பதிலேயே மோசமான வழி இதுதான். கூடுதல் நீர் போன இடமெல்லாம் துளையாக நிற்கும், வளைவு முழுக்கப் பலவீனமாகும். தோல் உதிர்வதே அதைவிட மேல்.

ஆக, வார்ப்பை மூடி இருக்கும் நீரைக் காக்க வேண்டும். அதற்கு ஈரச்சாக்கு நல்லதுதான், நீரையும் கொடுக்கும். ஆனால் கச்சானில் மணிக்கொரு தரம் நனைக்க ஆள் வேண்டும். காய்ந்த சாக்கு வார்ப்பிலிருந்தே ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும். இறுகுமுன் நேரடியாகத் தண்ணீர் ஊற்றினாலோ சீமெந்துப்பால் கழுவிப் போகும்.

பொலித்தீன் நீரைக் கொடுக்காது, இருப்பதைப் போகவிடாது. காவல் வேலையும் குறைவு. விளிம்பில் கல் வைக்காவிட்டால் மட்டும் காற்று தூக்கிவிடும்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் பொலித்தீன் பக்கம். இரண்டும் கையிலிருந்தால், இறுகத் தொடங்கியதும் ஈரச்சாக்கு, அதன்மேல் பொலித்தீன், கூடவே நிழல். அடுத்த முறை அப்படித்தான் செய்தோம். தேய்த்த விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

ஒருநாள் கழிந்ததும் வேலை தலைகீழ்: காத்த நீரை இனி மெதுவாக வெளியேற்ற வேண்டும். நூறு பாகை செல்சியஸைத் தாண்டும்போது சீமெந்தோடு சேராத தனி நீர் போகும், 200 முதல் 350 வரை சீமெந்தோடு கட்டுண்ட நீர் பிரியும். அதனால் முதல் நெருப்புக்கு இரண்டு தென்னம்பொச்சு போதும். அவசரப்பட்டு விறகை அடுக்கினால் உள்ளே அடைபட்ட நீராவி வளைவையே வெடிக்க வைத்துவிடும்.