நீண்ட பயணத்துக்கு எந்தக் கயிறு? 9.8 மி.மீ., 70 மீட்டர் கயிறு பற்றி

மெல்லிய கயிறுதான் பார்க்க அழகு. 9 மி.மீ.க்குக் கீழே போனால் கையில் எடுத்தாலும் கனமே தெரியாது. ஆனால் மாதக்கணக்கில் கூடாரத்தில் தங்கி, ஒரே கயிற்றில் இரண்டு பேர் மாறி மாறிப் பாறை ஏறப் போகிறீர்கள் என்றால் அதன் பக்கமே போக வேண்டாம் என்பேன். நானும் என் கணவரும் எடுத்துப் போனது 9.8 மி.மீ. தடிமன், 70 மீட்டர் நீளம், தண்ணீர் ஏறாத பூச்சு கொடுத்த சிங்கிள் ரோப், அதாவது ஒற்றையாகவே பயன்படுத்தி ஏறும் கயிறு. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. இதே அளவில் எல்லாப் பெரிய கம்பெனிகளிடமும் ஒன்று உண்டு, நான் சொல்வதில் பெரும்பகுதி எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒரு குறை மட்டும் எங்கள் கயிற்றுக்கே உரியது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

மீட்டருக்கு 63 கிராம், மொத்தத்தில் 4.4 கிலோ. கூடாரம், அடுப்பு, தண்ணீர் எல்லாம் அடைத்த பையின் மேல் இதையும் போட்டுக்கொண்டு மேட்டில் நடக்கும்போது, 60 மீட்டர் போதாதா என்று யாருக்கும் தோன்றும். போதாது. ஆங்கர் (ஏறும் வழியின், அதாவது ரூட்டின், உச்சியில் கயிற்றை மாட்டும் பிடிப்பு) வரை ஏறியவர் அதே கயிற்றில் இறங்கியாக வேண்டும், அதனால் ரூட்டின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு கயிறு வேண்டும். புதிதாகப் போல்ட் (கயிற்றை மாட்டப் பாறையில் பதிக்கும் உலோக ஆணி) அடிக்கிற ரூட்களில் 32, 35 மீட்டர் எல்லாம் சகஜமாகிவிட்டது. 70 மீட்டர் கயிறு என்றால் 35 வரை போகலாம். எந்த நீளமானாலும் கீழ் நுனியில் முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இறக்கும்போது கயிறு தீர்ந்து, நுனி பிலே கருவி (கீழே நிற்பவர் கயிற்றைப் பிடித்து ஏறுபவரைக் காக்கும் கருவி) வழியாக நழுவிப் போவது பாறை ஏறுபவர்களிடையே திரும்பத் திரும்ப நடக்கிற விபத்து.

தடிமனுக்கு வருவோம். என் கணவர் என்னைவிட இருபது கிலோவுக்கு மேல் கூடுதல். அவர் விழுந்தால் நான் மேலே பறப்பேன். மிகைப்படுத்தவில்லை, முதல் போல்ட் வரை இழுத்துக்கொண்டு போய்விடும். மெல்லிய கயிறு கேரபினர்களில் (கயிறு ஓடும் உலோகக் கொக்கிகளில்) வழுக்கிக்கொண்டு ஓடும், பிடிக்கிற கைக்குள்ளும் நிற்காது. 9.8-இல் உராய்வு கொஞ்சம் கூடுதல், அந்தக் கொஞ்சமே எனக்குப் பெரிய உதவி. தானாகப் பிடிக்கும் பிலே கருவிகள் பலவற்றுக்கும் இந்தத் தடிமன் ஒத்துப்போகும். இருந்தும் எடை வித்தியாசம் இந்த அளவு இருந்தால், முதல் போல்ட்டில் மாட்டும் உராய்வுக் கருவி ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். கயிறு மட்டும் அந்த வேலையைச் செய்யாது.

லேபிளில் உள்ள எண்களில் எல்லோரும் பார்ப்பது 'எத்தனை விழுகை தாங்கும்' என்பதைத்தான். ஏறும் கயிறுகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 892-இன்படி சிங்கிள் ரோப் 80 கிலோ எடையோடு குறைந்தது 5 கடுமையான விழுகைகளைத் தாங்க வேண்டும், முதல் விழுகையின் அதிர்ச்சி விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. சோதனைக்கூடத்து விழுகை அவ்வளவு கொடூரமானது, நாம் பாறையில் விழுவது அதன் பக்கத்தில்கூட வராது. நான் பார்க்கச் சொல்வது வேறொரு எண்ணை: 80 கிலோ சும்மா தொங்கினால் கயிறு எத்தனை சதவீதம் நீளும் என்பது. வரம்பு 10. எங்களுடையது 8-ஐ ஒட்டி. டாப் ரோப்பில் (முன்பே உச்சி ஆங்கர் வழியாகப் போட்ட கயிற்றில்) ஏறும்போது இதன் அருமை தெரியும். முப்பது மீட்டர் ரூட்டின் அடியில் நிற்கும்போது ஏறக்குறைய அறுபது மீட்டர் கயிறு வெளியே கிடக்கிறது. அப்போது கை நழுவினால், கயிறு நீண்டு தரைக்கே வந்துவிடலாம். முதல் சில மீட்டர்களுக்குப் பிலே செய்பவர் கயிற்றை இறுக்கமாக வைத்திருக்க வேண்டும். "டைட்டா வை" என்று நான் கத்துவது கோபத்தில் அல்ல என்று அவருக்கு இப்போது தெரியும்.

புதுக் கயிற்றைப் பிரிக்கும்போது கடையில் சுற்றி வந்த வளையங்களை ஒவ்வொன்றாக இழுத்து எடுக்கக் கூடாது. ஒவ்வொரு வளையமும் ஒரு முறுக்கை உள்ளே விட்டுவிட்டுப் போகும். கயிற்றுக் கட்டைக் கைகளில் மாட்டி, நூற்கண்டு போல உருட்டி உருட்டித்தான் பிரிக்க வேண்டும். ஒருவர் உருட்ட ஒருவர் இழுக்க, கூடாரத்து வாசலில் ஒரு சாயங்காலம் போயிற்று. அந்தப் பொறுமைக்குப் பலன் உண்டு. பயணம் முழுக்க முறுக்கல் தொல்லை ஏறக்குறைய இல்லை.

பூச்சைப் பற்றி இரண்டு வார்த்தை. பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பான யூஐஏஏ-வின் சோதனையில் தேறிய கயிறு தன் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. பூச்சு இல்லாதது அதைப்போலப் பல மடங்கு குடிக்கும். நனைந்த நைலான் விழுகையைத் தாங்கும் திறனும் குறையும். கூடாரவாசிகளுக்கு மழை விருந்தாளி இல்லை, வீட்டு ஆள், அதனால் பூச்சுக்குக் கொடுத்த கூடுதல் காசு வீண் இல்லை. பயன்படுத்தப் பயன்படுத்தப் பூச்சு தேயும் என்பதும் உண்மை. ஈரமானால் நிழலில் பரப்பிக் காயவையுங்கள், வெயிலில் வேண்டாம். காரின் டிக்கியில் போடுவதானால் பேட்டரியிலிருந்து தள்ளி வையுங்கள். பேட்டரி அமிலம் பட்ட நைலான் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே செத்திருக்கும்.

தேய்மானம் நடுவில் இல்லை, நுனிகளில்தான். ஒருவர் ஏறி இறங்கியதும் அவர் பக்கத்துக் கயிற்றையே இழுத்தால், மறு நுனி மேலே போய்க் கடைசியில் கீழே விழும், குவியலின் மேல் கிடக்கும், அடுத்தவர் அதில் கட்டிக்கொள்வார். இப்படியே மாறி மாறி ஏறினால் அவர் நுனி அவருக்கே, என் நுனி எனக்கே. கனமும் விழுகையும் அவருக்கு அதிகம், அதனால் அவர் நுனியில் மேல் உறை பஞ்சு பஞ்சாகப் பிசிறிவிட்டது. விரலால் மடித்துப் பார்த்தேன். நல்ல இடத்தில் கயிறு வட்டமாக வளைந்து நிற்கும். அங்கே ஓர் இடத்தில் சப்பையாக ஒடிந்து மடிந்தது. உள் இழை போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை, வெட்ட வேண்டியதுதான்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன குறை. கயிற்றின் நடுவைக் காட்ட ஒரு கருப்பு மை அடையாளம் போட்டிருந்தார்கள், கயிறோ கரும்பச்சை. புதிதாக இருக்கும்போதே உற்றுப் பார்க்க வேண்டும், சில வாரங்களில் தூசியும் உரசலும் சேர்ந்து மை ஏறக்குறைய காணாமலே போனது. ராப்பெல் (ஆங்கரில் இரட்டையாகத் தொங்கவிட்ட கயிற்றைப் பிடித்து) இறங்கும்போது இரண்டு பக்கமும் சமமாகத் தொங்க வேண்டும், குறைந்த பக்கத்து நுனி கருவியைத் தாண்டினால் ஆள் கீழே. நடுவே தெரியாத கயிற்றோடு மங்கிய வெளிச்சத்தில் ஆங்கரில் தொங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. கண்ட பேனாவையும் கயிற்றில் தேய்க்கக் கூடாது, சில மைகள் நைலானைப் பலவீனமாக்கும். கயிற்றுக்கென்றே விற்கும் பேனாவைத்தான் தேட வேண்டும்.

அவர் தன் பக்கத்து மூன்று மீட்டரை மட்டும் வெட்டப் போனார். "என் பக்கமும் அதே அளவு வெட்டுங்க, இல்லைன்னா நடு எங்கேன்னு ஒவ்வொரு தடவையும் தேடணும்" என்றேன். நல்ல கயிற்றை வெட்ட அவருக்கு மனசு வரவில்லை. கடைசியில் டேப் சுற்றி, அடுப்பில் கத்தியைக் காய்ச்சி, இரண்டு பக்கமும் அறுத்தோம். இப்போது 64 மீட்டர், 30 மீட்டர் ரூட்டுக்குத் தாராளம். 60 மீட்டர் கயிறாக இருந்திருந்தால் இந்த வெட்டோடு பாதி ரூட்களுக்கு அது ஆகாது.

நாள் முழுக்கத் தனியாகச் சுமந்து மலையேறுகிறவர்கள், கடினமான ஒரே ரூட்டில் கடைசி முயற்சிக்குக் கிராம் கணக்குப் பார்க்கிறவர்கள் வேறு கயிறு பார்க்கட்டும். இரண்டு பேர், ஒரு கூடாரம், தினமும் பாறை என்றால் இந்த அளவுதான். ஆனால் பாதியில் பின்னல் வடிவமே மாறுகிற ரகமாகப் பார்த்து வாங்குங்கள், விலை கூடத்தான் செய்யும், நடு மட்டும் அழியாது. நாங்கள் அடுத்து வாங்கப் போவதும் அதுதான். அவர் 80 மீட்டர் கேட்கிறார், நான் 70 என்கிறேன். யார் தூக்குவது என்று முடிவாகும்வரை ஆர்டர் போடுவதாக இல்லை.