மறுபடிகமாக்கலா, சிலிக்கா குழாயா? சேர்மத்தைத் தூய்மையாக்க எதை முதலில் எடுப்பது

வினை முடிந்து கரைப்பானையும் ஆவியாக்கி எடுத்த பிறகு குடுவையின் அடியில் பழுப்பு நிறத்தில், பாதி திண்மமும் பாதி பிசினுமாக ஒன்று நிற்கும். வேதியியல் மாணவரின் கைத்திறன் சோதனைக்கு வருவது அந்த இடத்தில்தான். இன்றைக்குப் பெரும்பாலான ஆய்வகங்களில் சட்டென்று வரும் பதில், “ஒரு காலம் (column) போட்டுடலாம்” என்பது. கண்ணாடிக் குழாயில் சிலிக்காவை நிரப்பி, கலவையை மேலே ஏற்றி, கரைப்பானை ஊற்றிப் பிரித்தெடுக்கும் குரோமட்டோகிராபியைத்தான் அப்படிச் சொல்கிறோம். சூடான கரைப்பானில் கரைத்து, குளிரவைத்துப் படிகமாகத் திரும்பப் பெறும் மறுபடிகமாக்கல் ஏதோ முதலாண்டு செய்முறைத் தேர்வோடு முடிந்துபோன பாடம் என்ற நினைப்பு பலருக்கும் இருக்கிறது.

எனக்கு அதில் உடன்பாடில்லை. கையில் இருப்பது திண்மம் என்றால் முதலில் படிகமாக்கிப் பாருங்கள், சிலிக்கா பாட்டிலைத் திறப்பது அதற்குப் பிறகு என்றுதான் ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிவருகிறேன்.

படிகம் கேட்பது கணக்கையும் பொறுமையையும்

சூடான கரைப்பானில் நிறையக் கரைய வேண்டும், குளிர்ந்ததில் கொஞ்சம்தான் கரைய வேண்டும். மறுபடிகமாக்கலின் அடிப்படை இவ்வளவுதான். ஆனால் கரைப்பானின் அளவில்தான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள்.

பென்சாயிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். 100 மில்லி கொதிநீரில் சுமார் 5.6 கிராம் கரையும், 25 டிகிரியில் அதே நீரில் சுமார் 0.34 கிராம்தான் கரையும். உங்களிடம் 5 கிராம் இருக்கிறது. 100 மில்லியில் கரைத்துக் குளிரவைத்தால் நீரோடு போவது 0.34 கிராம், அதாவது ஏழு விழுக்காடு. “சீக்கிரம் கரையட்டும்” என்று 300 மில்லி ஊற்றிவிட்டால் 1 கிராமுக்கு மேல் போய்விடும், ஐந்தில் ஒரு பங்கு. படிகம் நன்றாகத்தான் வந்திருக்கும், எடை போடும்போதுதான் மனம் சோர்ந்துபோகும். அதனால் கொதிக்கும் கரைப்பானைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அடியில் கரையாமல் நிற்கும் கடைசித் துகள் சேர்மமா, வெறும் தூசியா என்று பார்க்க வேண்டும். இன்னும் கொஞ்சம் ஊற்றியும் அது குறையவில்லை என்றால் தூசி. அதைச் சூட்டோடு வடிகட்டிவிடலாம்.

அடுத்த சிக்கல், படிகத்துக்குப் பதில் எண்ணெயாகப் பிரிவது. சேர்மத்தின் உருகுநிலை தாழ்வாக இருந்தாலோ, மாசு நிறைய இருந்தாலோ, கரைசல் சூடாக இருக்கும்போதே அது துளித்துளியாகப் பிரிந்து அடியில் தேங்கும். மாசுகளும் அந்தத் துளிக்குள்ளேயே கரைந்து உட்கார்ந்துகொள்ளும். மறுபடி சூடாக்கி, கொஞ்சம் கூடுதலாகக் கரைப்பான் சேர்த்து, மெதுவாகக் குளிரவிடுவதுதான் வழி.

எதுவுமே நடக்காமல் கரைசல் தெளிவாக நின்றுகொண்டிருப்பதும் உண்டு. அப்போது கண்ணாடிக் கம்பியை எடுத்து, கரைசலின் மேல்மட்டத்தை ஒட்டிய குடுவைச் சுவரில் உரசுங்கள். இருபது முப்பது உரசல் வரை எதுவும் தெரியாது. பிறகு உரசிய கோட்டின் மேல் பனி படிந்ததுபோல் ஒரு வெண்மை தோன்றும், அதிலிருந்து ஊசிகள் நீளும், ஓரிரு நிமிடத்தில் குடுவை முழுக்க நிறைந்துவிடும். எத்தனை ஆண்டு பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. அப்படியே பனிக்கட்டியில் வைத்துவிட ஆசை வரும், வைக்காதீர்கள். முதலில் அறை வெப்பநிலைக்கு மெல்ல வரட்டும். வேகமாக வளரும் படிகம் மாசையும் உள்ளே அடைத்துக்கொண்டு வளரும்.

நிறத்தைப் போக்கக் கிளர்வூட்டிய கரி சேர்ப்பவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. கொதிக்கும் கரைசலில் கரியைப் போட்டால் அது பொங்கிக் கையில் கொட்டும். கொதி அடங்கிய பிறகுதான் போட வேண்டும்.

சிலிக்கா குழாயின் பலம்

தாவர நிறமிகளைச் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய குழாயில் பிரித்துக் காட்டிய மிகைல் ஸ்வெட், 1906இல் இந்த முறைக்குக் குரோமட்டோகிராபி என்று பெயர் வைத்தார். இன்று நாம் செய்வது பெரும்பாலும் 1978இல் கிளார்க் ஸ்டில் குழுவினர் வெளியிட்ட ‘ஃபிளாஷ்’ முறை. 40 முதல் 63 மைக்ரான் வரையிலான நுண்ணிய சிலிக்கா, மேலிருந்து காற்றழுத்தம், நிமிடத்துக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்கும் கரைப்பான். மணிக்கணக்கில் சொட்டிக்கொண்டிருந்த வேலையை அது நிமிடக்கணக்குக்குக் கொண்டுவந்தது.

இங்கே வெற்றி தோல்வி குழாயில் இல்லை, அதற்கு முன் போடும் டிஎல்சி தகட்டில், அதாவது மெல்லிய சிலிக்கா பூசிய சிறு சோதனைத் தகட்டில் இருக்கிறது. கரைப்பான் தகட்டில் ஏறிய தூரத்தை 1 என்று வைத்தால், வேண்டிய புள்ளி சுமார் 0.35 உயரத்தில் நிற்கும்படி கரைப்பான் கலவையை அமைத்துக்கொள்ள வேண்டும். புள்ளி 0.7இல் ஏறி நிற்கிற கலவையைக் குழாயில் ஊற்றினால் எல்லாம் ஒன்றாக ஓடிவந்துவிடும். தகட்டுக்கு ஐந்து நிமிடம் செலவழிக்காமல் குழாய்க்கு ஒரு நாளைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பல விளைபொருள்கள் கலந்திருந்தால், சேர்மம் எண்ணெயாக இருந்தால், மொத்தமே 20 மில்லிகிராம்தான் கையில் இருந்தால், தயங்காமல் குழாய்க்கே போகலாம். ஒரே அச்சில் வார்த்தவை போன்ற இரண்டைப் படிகமாக்கலால் பிரிப்பது எவ்வளவு பாடு என்பதற்கு மேரி கியூரியின் உழைப்பே சாட்சி. ரேடியம் குளோரைடும் பேரியம் குளோரைடும் ஒரே படிகத்துக்குள் சேர்ந்து அமர்பவை. ஒவ்வொரு முறை படிகமாக்கும்போதும் ரேடியத்தின் பங்கு கொஞ்சம்தான் கூடும். டன் கணக்கான தாதுக் கழிவிலிருந்து திரும்பத் திரும்பப் படிகமாக்கி, 1902இல் அவர் கையில் கிடைத்தது 0.1 கிராம் ரேடியம் குளோரைடு.

எதற்கு எவ்வளவு செலவு

1 கிராம் கலவைக்கு 30 முதல் 50 கிராம் சிலிக்கா வேண்டும், நெருக்கமான புள்ளிகள் என்றால் இன்னும் அதிகம். நிரப்புவதற்கும் பிரிப்பதற்குமாக அரை லிட்டர் கரைப்பானாவது செலவாகும். பிறகு அதையெல்லாம் ஆவியாக்க வேண்டும். அதே 1 கிராமைப் படிகமாக்கப் பல நேரங்களில் 20, 30 மில்லி போதும். சிலிக்காத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, புகைப்போக்கிப் பெட்டிக்கு வெளியே அதை அளக்கவே கூடாது. குழாயில் வழக்கமாக ஊற்றும் ஹெக்சேன் நரம்புகளைப் பாதிக்கக்கூடியது, முடிந்த இடங்களில் ஹெப்டேனுக்கு மாறுவது நல்லது. படிகமாக்கலிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. எரியக்கூடிய கரைப்பானைத் திறந்த தீயில் சூடாக்குவது மன்னிக்க முடியாத தவறு.

சிலிக்கா லேசான அமிலத்தன்மை கொண்டது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒருமுறை, தகட்டில் அழகாக ஒரே புள்ளியாக நின்ற சேர்மத்தை நான் குழாயில் ஏற்றினேன். கீழே வந்தது வேறொன்று. மூன்று வாரத் தொகுப்பு ஒரே மாலையில் போனது. அன்றிலிருந்து சந்தேகம் வந்தால் இருதிசைத் தகடு போடாமல் விடுவதில்லை. சதுரத் தகட்டின் மூலையில் ஒரு புள்ளி வைத்து ஓட்டி, உலர்த்தி, தொண்ணூறு டிகிரி திருப்பி, அதே கரைப்பானில் மறுபடி ஓட்ட வேண்டும். சேர்மம் சிலிக்காவைத் தாங்குமென்றால் புள்ளிகள் எல்லாம் மூலைவிட்டத்தில் நிற்கும். விலகி நின்றால் அது சிலிக்காவில் சிதைகிறது. கரைப்பானில் ஒரு விழுக்காடு டிரைஎத்தில்அமீன் என்ற காரத்தைச் சேர்த்துப் பார்க்கலாம், அல்லது படிகமாக்கலுக்குத் திரும்பலாம்.

தூய்மைக்கான சான்றிலும் படிகத்துக்கே என் வாக்கு. ஒன்றிரண்டு டிகிரிக்குள் கூர்மையாக உருகினால் நல்ல அறிகுறி, ஐந்தாறு டிகிரிக்கு இழுத்துக்கொண்டு உருகினால் இன்னும் மாசு இருக்கிறது. குழாயிலிருந்து வந்த பிசினில் கரைப்பான் எளிதில் வெளியேறாது. மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் நிறமாலையைக் குளோரோஃபார்மில் எடுத்தால், 1.26, 2.05, 4.12 பிபிஎம் என மூன்று இடங்களில் குழாயில் ஊற்றிய எத்தில் அசிட்டேட் வந்து நிற்கும்.

திரவமாகவே இருக்கிற, சூட்டைத் தாங்குகிற சேர்மத்துக்கு இந்த விவாதமே வேண்டாம். காய்ச்சி வடித்துவிடுங்கள்.

முடிவெடுக்கப் பத்து நிமிடம்

சிறு சோதனைக் குழாய்கள் நான்கைந்து எடுங்கள். ஒவ்வொன்றிலும் 20 மில்லிகிராம் கலவை, 0.2 மில்லி கரைப்பான்: நீர், எத்தனால், எத்தில் அசிட்டேட், டொலுவீன், ஹெப்டேன். குளிரிலேயே கரைந்தால் அந்தக் கரைப்பான் தனியாக உதவாது. கொதித்தும் கரையாததும் அப்படித்தான். ஆனால் அவை இரண்டும் ஒன்றோடொன்று கலப்பவை என்றால் அந்த இணையே உங்கள் கரைப்பான் ஆகலாம், எத்தனாலும் நீரும் போல. சூட்டில் கரைந்து குளிரில் திரும்பி வந்தால் தேடல் முடிந்தது. எதிலும் வரவில்லையா, நிம்மதியாகக் குழாயை நிரப்புங்கள், இழந்தது பத்து நிமிடம்தான்.

படிகம் வந்துவிட்டது என்பதற்காக, அதை வடிகட்டிய பின் மிஞ்சும் கரைசலைக் கொட்டிவிடாதீர்கள். அதை ஆவியாக்கி ஒரு தகடு போட்டுப் பாருங்கள், மீதிச் சேர்மமும் மாசுகளும் அங்கேதான் இருக்கும். முக்கால்வாசி படிகமாக ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதால், மிஞ்சியதற்குச் சிறிய குழாய் ஒன்று போதும்.