நேரில் போவதா, ரிவர்சைடா, போனா, வாய்ஸ் நோட்டா? கிருஷ்ணகிரியில் பாட்காஸ்ட் பேட்டி எடுக்க நான்கு வழிகள்

காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலை நடத்தும் ஒரு கிளையன்ட் எனக்கு உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள் போன் செய்து, "தம்பி, எல்லாரும் பாட்காஸ்ட் போடறாங்களே, நாமும் ஒண்ணு ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார். சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டேன். விளம்பரம், ரீல்ஸ், வெப்சைட், மாதக் கடைசி ரிப்போர்ட் எல்லாம் போக வாரத்துக்கு அரை நாள்தான் மிஞ்சும். அந்த அரை நாளில் எப்படிப் பேட்டி எடுத்து முடிப்பது என்று நான்கு வழிகளையும் முயன்று பார்த்ததில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மைக் எது, செலவு எவ்வளவு என்றுதான் எல்லோரும் முதலில் ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: நாம் உம் கொட்டுவதை அந்த வழி எப்படித் தாங்குகிறது என்பதை. நம் ஊரில் ஒருவர் பேசும்போது எதிரில் இருப்பவர் "ம்", "ஆமாங்க", "அப்புறம்?" என்று சொல்லிக்கொண்டே இருப்பதுதான் மரியாதை. அது இல்லாவிட்டால் பேசுபவருக்குப் பேச்சே ஓடாது. ஆனால் ஒலிப்பதிவில் அந்த "ம்" அவருடைய நல்ல வாக்கியத்தின் மேலேயே வந்து உட்கார்ந்துவிடும். வெட்டி எடுக்கவும் முடியாது.

போனில் பேசிப் பதிவு செய்வதைப் பார்ப்போம். இருப்பதிலேயே சுலபமாகத் தெரியும் வழி இது. ஆனால் சாதாரண போன் லைன் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கடத்துகிறது. 4ஜி எச்டி வாய்ஸ் என்றால் 7000 வரை போகும். "ஸ்" போன்ற சீறும் ஒலிகளின் பெரும்பகுதி அந்தப் பழைய எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. அதனால்தான் போன் குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்கிறது. 2022 மே மாதம் முதல் கூகுள் தன் பிளே ஸ்டோரில் கால் ரெக்கார்டிங் செயலிகள் இயங்கி வந்த வழியை அடைத்துவிட்டது. கூகுளின் போன் செயலியில் பதிவு செய்தால் "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று இரண்டு பக்கமும் அறிவிப்பு போகும். அனுமதி கேட்காமல் பதிவு செய்யக் கூடாது என்பதால் அறிவிப்பு வருவதை நான் சரியென்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் குரலைக் கேட்ட நொடியில் விருந்தினர் விறைத்துப்போகிறார். உம் கொட்டும் விஷயத்திலும் இது மோசம். நாம் பேசாமல் இருந்தால் "லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்பார், உம் கொட்டினால் அது அவர் குரலோடு கலந்துவிடும். பேட்டிக்கு முன் பத்து நிமிடம் பேசிக் கதையைத் தெரிந்துகொள்ள மட்டும் போனை வைத்துக்கொள்ளுங்கள்.

இணையம் வழியே பேட்டியைப் பதிவு செய்யும் தளங்களான ரிவர்சைடு, ஜென்காஸ்டர் போன்றவை வேறு மாதிரி. பேச்சு இணையம் வழியாகப் போனாலும், ஒவ்வொருவர் குரலும் அவரவர் கணினியிலேயே தனித்தனியாகப் பதிவாகி அப்புறம் மேலே ஏறும். நடுவில் நெட் திணறினாலும் பதிவில் அந்தத் திணறல் இருக்காது. இரண்டு குரலும் தனி டிராக் என்பதால் நான் கொட்டிய உம்மையெல்லாம் என் டிராக்கில் மட்டும் அழித்துவிடலாம். பெங்களூரிலோ துபாயிலோ இருக்கும் ஏற்றுமதியாளரைப் பேட்டி எடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஜூமிலும் லோக்கல் ரெக்கார்டிங்கில் ஒவ்வொருவர் குரலையும் தனி ஃபைலாக எடுக்கும் வசதி உண்டு. ஆனால் அது இணையத்தில் வந்து சேர்ந்த குரல்தான். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டமும் முடிந்துவிடும்.

ரிவர்சைடில் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஐம்பது நிமிடம் அருமையாகப் பேசிய ஒருவர், "நன்றி தம்பி" என்று சொன்ன கையோடு லேப்டாப்பை மூடிவிட்டார். அவருடைய ஃபைல் பாதிதான் ஏறியிருந்தது. அதிலிருந்து, பேட்டி தொடங்கும் முன்பே "முடிஞ்சதும் நான் சொல்ற வரைக்கும் மூடாதீங்கய்யா" என்று சொல்லிவிடுகிறேன். இன்னொன்று: இரண்டு பக்கமும் இயர்போன் கட்டாயம், அதுவும் வயர் உள்ளது. புளூடூத் இயர்போனின் மைக்கை இயக்கினால் பெரும்பாலும் ஒலித்தரம் போன் கால் அளவுக்கு இறங்கிவிடும். இயர்போனே இல்லாமல் ஸ்பீக்கரில் பேசினால், இருவரும் ஒரே நேரத்தில் பேசும் இடங்களில் ஒருவர் குரலை மென்பொருள் விழுங்கிவிடும்.

அடுத்தது வாய்ஸ் நோட். நாம் கேள்வியை வாட்ஸ்அப்பில் அனுப்ப, அவர் நேரம் கிடைக்கும்போது பேசி அனுப்புவார். இதைப் பேட்டி என்றே ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. எனக்கு இதன்மேல் மரியாதை இருக்கிறது. பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டுக்கு விடியும் முன் சரக்கோடு போகும் ஒரு விவசாயியை உட்கார வைத்து நாற்பது நிமிடம் பேசச் சொல்ல முடியாது. டெம்போ பக்கத்தில் நின்றபடி இரண்டு நிமிடம் பேசி அனுப்பிவிடுவார். ஹாரன் சத்தம், கூலியாட்களின் குரல் எல்லாம் சேர்ந்தே வரும். அதைத் துடைக்காமல் அப்படியே விட்டால் கேட்பவர் அந்த மார்க்கெட்டிலேயே நிற்பார். குறை என்னவென்றால் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. "அந்த வருஷம் விலை விழுந்துச்சு" என்று சொல்லி நகர்ந்துவிடுவார். "அப்போ என்ன பண்ணீங்க?" என்று கேட்கும்போது அவர் வயலுக்குப் போயிருப்பார். ஒரு எபிசோடுக்குள் ஐந்தாறு பேர் குரலைச் சேர்க்க இது உதவும். ஒருவரை முழுதாக அறிய உதவாது.

நேரில் போவதுதான் என் முதல் தேர்வு. அதிக நேரம் தின்பதும் அதுதான். ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தால் உம் கொட்டத் தேவையில்லை. கண்ணைப் பார்த்துத் தலையாட்டினால் போதும், பேச்சு தானாக ஓடும். பதிவிலும் சத்தம் விழாது. கேள்வி கேட்டுப் பதில் முடிந்ததும் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். அந்த மௌனத்தை நிரப்பத்தான் பெரும்பாலானவர்கள் உண்மையான பதிலைச் சொல்கிறார்கள். போனிலோ வீடியோவிலோ இந்த மௌனத்தை லைன் போய்விட்டது என்று நினைத்துவிடுவார்கள்.

நேரில் போனால் இடம்தான் தலைவலி. ஆலை ஆபீஸ் அறையில் பாய்லர் சத்தம், மேலே மின்விசிறி, நான்கு பக்கமும் வெறும் சுவர். கைதட்டிப் பார்த்தால் எதிரொலி தெரிந்துவிடும். அந்த மாங்கூழ் ஆலைக்காரரை நான் பேட்டி எடுத்தது அவருடைய காரில். கண்ணாடிகளை ஏற்றி ஏசியை நிறுத்திவிட்டால், சீட்டுத் துணியும் பஞ்சும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் வெயில் காலத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. பத்து நிமிடம் பேசுவது, கதவைத் திறந்து தண்ணீர் குடிப்பது, மறுபடி பேசுவது என்று மூன்று தவணையில் முடித்தோம். தருமபுரியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடிக் கிடங்கில் பதிவு செய்தது இதைவிடச் சுகம். நான்கு பக்கமும் தரை முதல் கூரை வரை புடவைக்கட்டு. காசு கொட்டிக் கட்டிய ஸ்டுடியோவுக்கு அது குறைந்ததில்லை.

மைக்கைப் பற்றி நீட்டி எழுத ஆசையில்லை. போனில் சொருகும் வயர் காலர் மைக் இரண்டு, அல்லது இரண்டு பேருக்கான வயர்லெஸ் செட் ஒன்று. மேசைமேல் வைக்கும் டைனமிக் மைக் எதிரொலி உள்ள அறையில் இவற்றைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் வாயிலிருந்து ஒரு சாணுக்குள் அதை வைத்துப் பேச, பழகாத ஒருவரால் ஆகாது. தலையைத் திருப்பித் திருப்பித்தான் பேசுவார். மைக் இருக்கும் தூரம் இரட்டித்தால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும், அறையின் எதிரொலி மட்டும் அப்படியே இருக்கும்.

காலர் மைக்குக்கு நம் ஊரில் ஒரு தனிப் பிரச்சினை உண்டு: கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. அவர் மூச்சு விட்டாலே சரசரவென்று கேட்கும். தோளில் துண்டு இருந்தால் கேட்கவே வேண்டாம். துண்டை எடுத்து வைக்கச் சொல்லத் தயங்காதீர்கள், "சத்தம் விழுதுங்கய்யா" என்றால் சிரித்துக்கொண்டே எடுத்துவிடுவார். மைக்கைத் துணிமேல் தொங்க விடாமல், பட்டன் பட்டையில் நெஞ்சுக்கு நடுவில் இறுக்கிக் குத்துங்கள். பேச்சைத் தொடங்கும் முன் அரை நிமிடம் யாரும் பேசாமல் அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் இரைச்சலைக் குறைக்க அந்த அரை நிமிடப் பதிவுதான் மாதிரி. போனில் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஒரு மணி நேர மோனோ (ஒரே சேனல்), சுருக்காத வேவ் ஃபைல் 500 எம்பியைத் தாண்டும்.

கேள்விகளை முன்கூட்டியே அனுப்புவதா வேண்டாமா என்பதில் நான் இப்போது உறுதியாக இருக்கிறேன். முழுக் கேள்வியாக அனுப்பினால் பதிலை எழுதி வைத்து வாசிப்பார்கள். ஒரு முறை ஒருவர் மகனை விட்டு டைப் செய்து, இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து வந்திருந்தார். அனுப்பாமலே போனால் பயப்படுவார்கள். அதனால் மூன்று தலைப்பு மட்டும் அனுப்புகிறேன்: தொடக்கம், ஒரு கெட்ட வருஷம், இன்றைய வேலை. கேள்வியை அங்கே போய் வைத்துக்கொள்ளலாம். "உங்கள் வெற்றிக்குக் காரணம் என்ன?" என்று கேட்டால் "உழைப்புதாங்க" என்பதோடு கதை முடிந்தது. "முதல் லோடு எந்த ஊருக்குப் போச்சு? யார் வண்டியில?" என்று கேளுங்கள். பதில் கால் மணி நேரம் போகும்.

நேரத்தைப் பொறுத்தவரை, நேரில் ஒரு பேட்டிக்கு எடிட் உட்பட எனக்கு ஆறு மணி நேரம் ஆகிறது. ரிவர்சைடு என்றால் நான்கு. அதனால் மாதத்தில் ஒரே ஒரு நாள் வண்டியை எடுத்துக்கொண்டு தருமபுரி பாதையில் இரண்டு பேரை நேரில் முடித்துவிட்டு, மற்ற இரண்டு வாரங்களுக்கான பேட்டிகளையும் ரிவர்சைடில் ஓட்டுகிறேன். தேதியை விருந்தினரின் தொழில்தான் முடிவு செய்ய வேண்டும். மாங்கூழ்க்காரர்களை ஜூன், ஜூலையில் தொந்தரவு செய்யாதீர்கள். ஜவுளிக்காரர்களை முகூர்த்த நாட்களுக்கு முன்பும், பட்டுக்கூடு விவசாயிகளை அங்காடியில் ஏலம் நடக்கும்போதும் விட்டுவிடுங்கள்.

நேரில் போகும்போது, "அவ்வளவுதாங்க, ரொம்ப நன்றி" என்று சொன்னதும் ரெக்கார்டரை நிறுத்திவிடாதீர்கள். அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவருக்கும் சொல்லிவிடுங்கள், பிடிக்காததை அப்புறம் எடுத்துவிடலாம். அந்த ஜவுளிக்கடையில் டீ வந்த பிறகுதான், கடையின் முதல் நாள் கல்லாவில் 340 ரூபாய் சேர்ந்ததையும், அதை மனைவி ஒரு மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருப்பதையும் அவர் சொன்னார். எபிசோடை அதிலிருந்துதான் தொடங்கினேன்.